மூணாவது கோட்டு

இருபது நிமிஷம் காயணும். மொத கோட்டுக்கும் ரெண்டாவது கோட்டுக்கும் நடுவுல இருபது நிமிஷம்னு பெயின்ட் டப்பாவுலயே போட்டிருக்கான், ஆனா தூத்துக்குடிக் காத்துக்கு அது பத்தாது, இருபத்தஞ்சு வச்சுக்கிடணும். மணி இப்பம் ஒண்ணு பத்து. புளோரன்ஸ் டீச்சர் மூணு மணிக்கு வாரேன்னு சொல்லிருக்காங்க, நாலு மணிக்கு அவங்க காரு வாங்குத ஆளு வீட்டுக்கு வந்து பாக்கான். நேரம் கெடக்கு. நேரம் நெறைய கெடக்கு, அதான் சங்கடமே. வேலை இருந்தா கை அது பாட்டுக்கு ஓடும், புத்தியும் அது பின்னாலயே போயிரும். இப்பம் ஆயில் டின்னக் கவுத்துப் போட்டு உக்காந்து, எடது முன்சக்கரம் கழட்டுன எடத்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு, கையில ஒரு அரத்த வச்சுக்கிட்டு இருக்கேன். காலிப்பர் செவப்பா மினுங்குது. பிரேக்க மிதிச்சா ரெண்டு பக்கமும் பிரேக் பேட அமுக்கி, சக்கரத்தோட சுத்துத டிஸ்க்கப் புடிக்கது அதுதான். அதக் கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கேன், அதத் தாங்குத சட்டம் வண்டியிலயே இருக்கு. அந்தச் சட்டத்துல மேல ஒரு காடி, கீழ ஒரு காடி. பேடு அந்தப் பள்ளத்துலதான் உக்காந்து முன்னயும் பின்னயும் லேசா நகரும். கீழ்க்காடியோட மூலையில, நகம் அளவு, பழைய செவப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு. எட்டு மாசத்துக்கு முன்னால நான் பூசுனது. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டேன்னு நெனச்சேன், மூலைக்கு அரம் போகல போல. இப்பம் ஒரு இழுப்பு இழுத்தா போயிரும். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அப்படி ஒண்ணு நடந்ததுக்கு இந்த உலகத்துல சாட்சியே கெடையாது. என் ஒருத்தனத் தவுத்து.

இழுக்க வேண்டியதுதான. எப்படியும் காடியில பெயின்ட் இருக்கக் கூடாது, எடுத்துத்தான் ஆவணும், அது தொழில். தொழில்தான் பாக்கேன்னு சொல்லிக்கிட்டே அரத்த எடுத்தேன், கிட்ட கொண்டு போனேன், வச்சுட்டேன். மறுபடி எடுத்தேன். வலது பக்கத்தக் காலையிலயே முடிச்சாச்சு. கம்பிப் பிரஷ்ஷப் போட்டுத் தேச்சு, உப்புத்தாள் போட்டு, கிளீனர் அடிச்சு, ரப்பர் உறையில பெயின்ட் படாம டேப்பு ஒட்டி, டிஸ்க்குக்குப் பேப்பர் சுத்தி, எல்லாம் பதறாம செஞ்சேன். எடது பக்கத்த மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன், டீ குடிச்சேன், ஸ்பேனர் எல்லாம் தொடச்சு வரிசையா அடுக்குனேன், இருபது வருஷத்துல ஒரு நாளும் அடுக்காதவன். தவசிமுத்து, ஒனக்குப் பயம்ல. ஆமா, பயந்தான். காடியில பூசக் கூடாதுங்கது எனக்குத் தெரியாம இல்ல, அதச் சொன்னா சின்னப் புள்ள சிரிக்கும். கை கேக்கல. இந்தக் கை உப்பளத்து லாரியில பழகுன கை. பதினாறு வருஷம் உப்பு லாரிக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேன், அங்க ஒரே சட்டந்தான், ஒரு ஆணித் தலையக் கூட வெறுமன விடாத. ஒரு எடம் விட்டியா, அந்த எடத்துல உப்பு உக்காந்து, ஆறு மாசத்துல தகரம் அப்பளமா நொறுங்கிரும். இரும்பக் கண்டா பூசு, காஞ்சா மறுபடி பூசு. அப்படிப் பழகுன கைக்கு, இந்த எடத்த மட்டும் பூசாம விடு, லேசா கிரீஸத் தடவிட்டு விடுன்னு சொன்னா ஏறுமா. அன்னைக்கு ரெண்டு பக்கமும் காடியோட சேத்துத்தான் பூசுனேன். வலதுல மெல்லிசா விழுந்து தப்பிச்சுக்கிடுச்சு. எடது பக்கம் ரெண்டு கோட்டு முடிஞ்ச பெறவு டப்பாவுல கொஞ்சம் மிச்சம். வீணாப் போவானேன்னு மூணாவது கோட்டும் குடுத்தேன். டீச்சருக்குன்னு ஆசையாத்தான் குடுத்தேன். அதச் சொன்னா யாரு நம்புவா.

ஆசை இல்லாம என்ன. டீச்சர் மொத மொத தனியா இந்த ஷெட்டுக்கு வண்டிய ஓட்டிக்கிட்டு வந்த நாளு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. அவங்க வீட்டுக்காரரு ஸ்டீபன் சார் உசுரோட இருந்த வரைக்கும் சார்தான் கொண்டு வருவாரு, டீச்சர் பக்கத்து சீட்ல மடியில பைய வச்சுக்கிட்டு இருப்பாங்க. சார் போன பெறவு ஒரு வருஷம் வண்டி உறையப் போட்டு நின்னுச்சு. பெறவு ஐம்பத்தோரு வயசுல அவங்களே டிரைவிங் ஸ்கூல்ல சேந்து படிச்சு, லைசென்ஸ் எடுத்து, ஒரு நாள் சாயந்தரம் வாசல்ல கோணலா கொண்டாந்து நிறுத்தி, கண்ணாடியக் கூட எறக்காம உள்ள இருந்தே சிரிக்காங்க. "தம்பி, தனியாவே வந்துட்டேன். ரவுண்டானாவெல்லாம் தாண்டி." வேர்த்து ஊத்துது, முகமெல்லாம் சிரிப்பு. நான் கை தட்டுனேன், நெசமாவே தட்டுனேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் சக்கரத்துக்குள்ள குனிஞ்சு பாத்துட்டு, "இது ஏன் தம்பி இப்படித் துருவேறிக் கெடக்கு, அசிங்கமா இருக்கு"ன்னு கேட்டாங்க. கடலுக்குப் பக்கத்துல வீடு, அப்படித்தான் டீச்சர் இருக்கும்னேன். "சில காருல உள்ள செவப்பாத் தெரியுதே, அது நமக்கு வருமா?" வரும் டீச்சர்னேன். அவங்க கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டு, "சேலைதான் வெள்ளையாக் கட்டுதேன், சக்கரமாவது செவப்பா இருக்கட்டுமே"ன்னாங்க. அப்படிக் கேட்ட மனுஷிக்கு ரெண்டு கோட்டோட நிறுத்த மனசு வருமா. வந்திருக்கணும். வந்திருந்தா இந்நேரம் நான் மதியச் சோத்தத் தின்னுட்டு ஒரு கண்ணு அசந்திருப்பேன்.

மணி ஒண்ணு இருபத்திரெண்டு. தொட்டுப் பாக்கேன், விரல்ல ஒட்டுது. பூசி மூணு வாரத்துல வண்டி திரும்ப வந்துச்சு, ஷெட்டு ஆளு போயி எடுத்துட்டு வரல, டீச்சரே ஓட்டிக்கிட்டு வந்தாங்க, முன்னால பம்பர் பேந்து தொங்குது. கடற்கரை ரோட்டு வளைவுல பிரேக்க மிதிச்சிருக்காங்க, வண்டி எடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி இளநி வண்டியில மோதிருச்சு. காயெல்லாம் ரோட்டுல உருண்டு, ஒரு காய் அந்த விக்கிற அம்மா காலுல விழுந்து பெருவிரல் நகம் போயிருச்சு. கூட்டம் கூடி, கூட்டத்துல பேசத்தான செய்வான், பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னு. டீச்சர் எங்கிட்ட அதச் சொல்லும்போது அழல. "எங்கே தப்புன்னு பாருங்க தம்பி"ன்னாங்க, அம்புட்டுத்தான். வலது சக்கரத்த மொதல்ல கழட்டுனேன், அதுல பேடு நல்லாத்தான் இருந்துச்சு. பெறவு எடதக் கழட்டுனேன். எடது பேடு வர மாட்டேங்குது. சுத்தியலப் போட்டுத் தட்டித்தான் எடுத்தேன். சூட்டுல பெயின்ட் பொங்கி, காடிக்குள்ள பேடு எறுகி, பிரேக்க விட்ட பெறவும் விடாம டிஸ்க்கப் புடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, கருகித் தேஞ்சு தகடாப் போயிருச்சு. பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. டீச்சர் எனக்குப் பின்னால நிக்காங்க, என் முதுகு மறைக்கி. "என்ன தம்பி?" நான் திரும்பாமலே, அந்தக் கருகுன பேட மட்டும் தூக்கிக் காட்டி, "டீச்சர், நீங்க பிரேக் மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுதீங்க. அதான் சூடாகி இழுத்திருக்கு. புதுசா ஓட்டுதவங்க எல்லாருக்கும் வாரதுதான்"ன்னேன். எம்புட்டு இதமாச் சொன்னேன் தெரியுமா. ஆறுதல் சொல்லுத மாதிரி. பாவி. பிரேக் மேல கால வச்சு ஓட்டுனா ரெண்டு சக்கரமும்லா தேயணும், ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும். டீச்சர் கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருஷமா கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க. இப்பம் கேப்பாங்க, இப்பம் கேப்பாங்கன்னு முதுகு கூசிக்கிட்டு உக்காந்திருந்தேன். கேக்கல. குனிஞ்சு, தன்னோட வலது காலப் பாத்தாங்க. பிரவுன் கலர் செருப்பு. "சரி தம்பி"ன்னாங்க. அந்தச் 'சரி தம்பி' இருக்கே. அதக் கேக்கப் பிடிக்காமதான் எட்டு மாசமா டீச்சர் வீட்டுத் தெருப் பக்கமே போகல நான்.

இன்னிக்குக் காலையில போனேன். போன்ல கூப்புட்டுட்டாங்க, போகாம என்ன செய்ய. "வண்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன் தம்பி. நின்னு நின்னு பிரேக்கெல்லாம் துருவேறிருச்சு, நல்லாச் சுத்தம் பண்ணி அடிச்சுக் குடுங்க, வாங்குதவங்க பாக்கும்போது அழகா இருக்கணும்." குரல்ல ஒரு கோவம் இல்ல. வண்டிக்குள்ள ஏறி உக்காந்தா கண்ணாடியில நான் ஒட்டுன சர்வீஸ் சீட்டு அப்படியே இருக்கு, அன்னைக்குத் தேதி, கிலோமீட்டர் முப்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. மீட்டரப் பாத்தேன். நானூத்திப் பதினாறு. ஷெட்ல இருந்து அவங்க வீடு நாலு கிலோமீட்டர். அன்னைக்கு வீட்டுக்குப் போயி நிறுத்துனவங்கதான், அதுக்கப்புறம் ஒரு அடி எடுக்கல. டிஸ்க்கு ரெண்டும் காவியாக் கெடந்துச்சு. டிஸ்க்கு மேல ஏறுத துரு ஒண்ணும் பெரிசில்ல, ரெண்டு தடவ பிரேக் புடிச்சா தன்னால போயிரும், ஓட்டிக்கிட்டே இருந்தா ஏறவே ஏறாது. ஓட்டவிடாம செஞ்சவன் நான். எம்பொஞ்சாதி சுயம்புக்கனி போன மாசம் கூடச் சொன்னா, "புளோரன்ஸ் டீச்சரப் பஸ்ஸுல பாத்தேன், நின்னுக்கிட்டே வாராங்க, எழுந்து எடம் குடுத்தேன். ஏன் அவிய காரு என்னாச்சு?" எனக்கென்ன தெரியும்னு சோத்தப் பெசஞ்சேன்.

"என்னவே தவசி, மருதாணி வச்ச மாதிரில்லா இருக்கு" இது மைதீன் அண்ணன், பக்கத்துல டயர்க் கடை, டீக்கடைக்குப் போற வழியில தலைய நீட்டுதாரு. நான் சிரிச்சேன். "டீச்சர் வண்டிதான? விக்காங்களாமே. குடுக்கட்டும், குடுக்கட்டும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுன ஆளுல்லா" சொல்லிட்டுக் கால ஒரு மாதிரி வெரப்பா நீட்டிக் காட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறாரு. அந்தக் கால நீட்டுத வித்தை அவரு கண்டுபுடிச்சதில்ல. நான்தான் காட்டுனேன். அன்னைக்குச் சாயந்தரமே, டீக்கடை பெஞ்சுல, எல்லாரும் டீச்சர் வண்டி ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டப்போ, சட்டுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், நான் எந்திரிச்சு நின்னு, கால நீட்டி, சேலைய லேசாத் தூக்குத மாதிரி பாவனை காட்டி, டீச்சர் ஓட்டுத மாதிரி நடிச்சுக் காட்டுனேன். நாலு பேரு டீ சிந்தச் சிரிச்சான். மாஸ்டர் இன்னொரு டீ எடுத்துக்கோன்னாரு, குடிச்சேன். பொய்யி சொன்னது பயத்துல, அது கூடப் போகட்டும், மனுஷன்னா பயப்படுவான். நடிச்சது எதுக்கு. யாரு கேட்டா. அதுக்குப் பெறவு பள்ளிக்கூடம் விட்டு இந்த வழியா வார டீச்சர் தலையக் கண்டா அந்தப் பெஞ்சுல ஒரு சிரிப்பு ஓடும், ஒருத்தன் கால நீட்டுவான். அவங்க எதுக்குச் சிரிக்கானுவன்னு தெரியாமலே தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புக்குப் போவாங்க. தெரியாமலா. டீச்சருக்கா தெரியாது.

ஒண்ணு முப்பத்தஞ்சு. ரெண்டாவது கோட்டு குடுத்தேன். மெல்லிசா, ஒரே பக்கமா இழுத்து. டப்பாவுல மிச்சம் இருக்கு, மூடியப் போட்டு அடிச்சு எறுக்கி மூடுனேன். மேல்க்காடி சுத்தமா இருக்கு, கீழ்க்காடி மூலையில அந்த நகம். அரம் மறுபடி கைக்கு வந்துருச்சு. இப்பம் இதச் சொரண்டிட்டா நாலு மணிக்கு வண்டி கைமாறிரும், வாங்குத ஆளு திருநெல்வேலிக்காரனாம், வண்டி கண்ணுல கூடப் படாது. டீச்சர் பஸ்ஸுல போவாங்க, பழகிக்கிடுவாங்க, பழகிட்டாங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல ரிட்டயர் ஆயிருவாங்க, அதுக்கப்புறம் எதுக்கு வண்டி. இப்படியெல்லாம் யோசிக்கத எனக்கே கேக்கச் சகிக்கல. எட்டு மாசம் முன்னால ஒரு வார்த்தை, டீச்சர் என் கையி தப்புன்னு, சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும். தவசி நல்ல மெக்கானிக்கு இல்லன்னு ஆகும். ஆயிட்டுப் போகுது சவம். அதுக்குப் பதிலா டீச்சர் நல்ல டிரைவர் இல்லன்னு ஆக்கிட்டேன். எனக்கு இந்த ஊருல நூறு வண்டி வரும், ஒண்ணு போனா ஒண்ணு. அவங்களுக்கு இருந்தது இந்த ஒண்ணு. அரத்த மூலையில வச்சேன். வச்சு, ஒரு மயிரிழை அழுத்துனேன். வாசல்ல நெழலு விழுந்துச்சு, குடைய மடக்குத சத்தம்.

ரெண்டு மணி கூட ஆகல. "பஸ்ஸு சீக்கிரம் கெடச்சுருச்சு தம்பி"ன்னு டீச்சர் உள்ள வந்தாங்க, வெள்ளைச் சேலை, கைப்பை, அதே பிரவுன் செருப்பு. குனிஞ்சு பாத்தாங்க. "அழகா இருக்கு" அப்படின்னு சொல்லி, வெரல நீட்டப் போயி, ஈரம்னு தெரிஞ்சு எடுத்துக்கிட்டாங்க. நான் எந்திரிக்கல. எந்திரிச்சா சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். "டீச்சர், இங்க பாருங்க"ன்னேன். அரத்து நுனியால காடியக் காட்டுனேன். "பேடு இதுலதான் நகரும். இதுல பெயின்ட் படக் கூடாது. இந்த மூலையில செவப்பு தெரியுதா. போன தடவ நான் பூசுனது. மூணு கோட்டு. அதான் பேடு எறுகி வண்டிய இழுத்துச்சு. நீங்க கால வச்சு ஓட்டல. அன்னைக்கே எனக்குத் தெரியும் டீச்சர்." டீச்சர் குனிஞ்சு அந்த மூலையப் பாத்தாங்க. பெறவு, "அப்ப என் காலு?"ன்னாங்க. "உங்க காலுல ஒண்ணும் இல்ல டீச்சர்." "அந்த இளநிக்கார அம்மா கையப் புடிச்சு, என் காலு செஞ்ச தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன் தம்பி." டீச்சரே மேக்கொண்டு சொன்னாங்க. "ஒரு பக்கந்தான் தேஞ்சிருந்தது. நான் அன்னைக்கே பாத்தேன். ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஸ்டீபன் காலத்துல இருந்து பாக்குற ஆளு, இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கேக்காம விட்டுட்டேன்." அவங்க ஏசியிருக்கலாம். ஒரு அறை கூட விட்டிருக்கலாம், வாங்கிட்டு நிம்மதியா உக்காந்திருப்பேன்.

ஏசல. "எம்புட்டு நேரம் காயணும்?"ன்னு கேட்டாங்க. சக்கரம் மாட்ட ஒரு மணி நேரம் ஆகும்னேன். "சரி தம்பி"ன்னு, நான் எந்திரிச்சு விட்ட ஆயில் டின்ன இழுத்துப் போட்டு, முந்தானையால தொடச்சு, உக்காந்துக்கிட்டாங்க. நான் அந்த மூலையச் சொரண்டுனேன். சுத்தமாச் சொரண்டுனேன், வெறும் இரும்பு வெளுப்பாத் தெரியுத வரைக்கும். கிரீஸ விரல் நுனியில தொட்டு லேசாத் தடவுனேன். டீச்சர் ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டே இருக்காங்க, பரீச்சை ஹால்ல நடந்துக்கிட்டே பாக்கத பார்வை. நடுவுல அவங்க போன் அடிச்சுச்சு, வண்டி வாங்குதவனாத்தான் இருக்கும், எடுத்துப் பாத்தாங்க, அடிச்சு ஓயுத வரைக்கும் கையில வச்சிருந்துட்டுப் பைக்குள்ள போட்டாங்க. எட்டு மாசத்தையும் சேத்து வச்சா கூட அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடு வராது. பேட வச்சேன், விரலால தள்ளுனேன், சத்தமில்லாம நகந்துச்சு. காலிப்பர மாட்டி, சக்கரத்தப் பூட்டி, ஜாக்கிய எறக்குனேன். உள்ள உக்காந்து பிரேக்க நாலு தடவ மிதிச்சு கெட்டிப் படுத்திட்டு வெளிய வந்தேன். "வீட்டு வரைக்கும் நான் ஓட்டிட்டு வாரேன் டீச்சர்." "வேண்டாம்" அப்படின்னு சாவிய வாங்கிக்கிட்டாங்க. "நீங்க பக்கத்துல உக்காருங்க."

டீச்சர் சீட்ட முன்னால இழுத்தாங்க, செருப்பக் கழட்டி ஓரமா வச்சாங்க, வெறுங்காலு. வண்டி ஒரு தடவ குலுங்கி நின்னுச்சு. ரெண்டாவது தடவ கெளம்புச்சு. ஷெட்ட விட்டு எறங்கி, ரோட்டத் தாண்டி, எதுத்தாப்புல, இருபது அடி கூட இருக்காது, டீக்கடைக்கு முன்னால பிரேக்க மிதிச்சாங்க. டிஸ்க்கு ஓரத்துல மிச்சம் ஒட்டியிருந்த துரு கரகரன்னு ஒரு சத்தம் போட்டு அடங்குச்சு. வண்டி எங்கயும் இழுக்கல, போட்ட கோட்டுல நேரா நின்னுச்சு. பெஞ்சுல மைதீன் அண்ணனும் இன்னும் மூணு பேரும், டீச்சரப் பாத்ததும் ஒருத்தன் கால லேசா நீட்டுதான், வாயில சிரிப்பு. டீச்சர் என் பக்கம் திரும்பல, ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு முன்னாலயே பாத்துக்கிட்டு, அவங்க கண்ணாடிய முழுசா எறக்கி விட்டாங்க. "எறங்குங்க தம்பி. அன்னைக்கு இங்க நடிச்சுக் காட்டுனீங்களாமே, இப்ப எங்கிட்ட சொன்னத இங்கயும் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்." அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் கதவத் தொறந்தேன். விரல்ல பட்டிருந்த செவப்பு காஞ்சு போயிருந்துச்சு, கிரீஸ் மட்டும் கதவுல ஒட்டுச்சு. "என்னவே தவசி, எறங்கி வாரீரு"ன்னு மைதீன் அண்ணன் தள்ளி உக்காந்து எடம் விட்டாரு. நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன். மொத தடவ சத்தம் வரல, மறுபடியும் மொதல்ல இருந்து சொன்னேன்.